செல்ஃப் எடுக்காத டீசல் ஜீப்: மோட்டாரைக் கழற்றும் முன் மீட்டரைக் கேளுங்கள்

மார்கழி மாதம், விடியற்காலை நாலரை மணி. போடியிலிருந்து மலைமேல் ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தூக்குவாளியும் கையுமாக ஜீப்பைச் சுற்றி நிற்கிறார்கள். சாவியைத் திருப்பினேன். வண்டிக்கு அடியில் ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன், மறுபடி ‘டொக்’. ஹெட்லைட்டைப் போட்டால் எதிர்வீட்டுச் சுவரில் பளிச்சென்று விழுகிறது. ஹார்ன் தெருவையே எழுப்புகிறது. செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை.

ஏழெட்டுத் தடவை திருகிப் பார்த்த பிறகு, இன்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிள் வெளியே இழுத்தபடி கிடக்கிறதோ என்று அதில் கை வைத்தேன். சுட்டது. ஓடாத வண்டியில் ஒரு கம்பி ஏன் சுட வேண்டும்? அந்த நேரத்தில் அதை யோசிக்கத் தோன்றவில்லை. எட்டுப் பேர் தள்ளினார்கள். தெருமுனை இறக்கத்தில் செகண்ட் கியரில் கிளட்சை விட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அன்றைய பாடு கழிந்தது.

அதற்கு முன்பே ஒரு கடையில் சொன்னார்கள் என்று புது பேட்டரி போட்டிருந்தேன். சரியாகவில்லை என்றதும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, உள்ளே சுழலும் பகுதிக்குக் கரண்டைக் கொடுக்கும் கார்பன், அதன் தண்டைத் தாங்கும் புஷ் எல்லாம் மாற்றினார்கள். இரண்டுமே தேவைப்படாத செலவு. பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு கதை இருக்கும். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் பிடித்தே பழகாத ஒருவர்கூடக் கோளாறு எந்தப் பக்கம் என்று பத்து நிமிடத்தில் ஓரளவு சொல்லிவிட முடியும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

‘செல்ஃப்’ என்ன வேலை செய்கிறது?

முதலில் அந்தப் பெயர். ஒரு காலத்தில் வண்டியின் முன்னால் ஹேண்டிலைச் செருகி, ஆள்தான் இன்ஜினைச் சுற்ற வேண்டும். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. ஆள் சுற்ற வேண்டாம், வண்டி தானே சுற்றிக்கொள்ளும் என்பதால் அந்த வகைக்கு ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்று பேர். நம் ஊர் பட்டறைகளில் பின்பாதியை உதிர்த்துவிட்டு முன்பாதியை வைத்துக்கொண்டார்கள்.

பெட்ரோல் வண்டியைவிட டீசல் வண்டியில் செல்ஃபுக்கு வேலை அதிகம். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தி, அந்த அழுத்தத்தில் பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். பழைய மகேந்திரா ஜீப்புகளில் வந்த பெஷோ எக்ஸ்டிபி 4.90 இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். 4.90 என்றால் நாலு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் 90 மில்லிமீட்டர் போர், அதாவது உள்விட்டம். மொத்தம் 2112 சிசி. ஆக, ஒரு சிலிண்டருக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதல் காற்று. அதை இருபது மடங்குக்கு மேல் அழுத்தி, இரண்டு மேசைக்கரண்டி அளவு இடத்துக்குள் அடைக்க வேண்டும். அதையும் வேகமாகச் செய்ய வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அழுத்திய சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும், காற்றும் பிஸ்டன் ரிங் வழியே கசிந்துவிடும். டீசல் பற்றாது. ‘சுத்துது, ஆனா எடுக்க மாட்டேங்குது’ என்று சொல்வதில் பல கேஸ்கள் இதுதான். சுற்றுகிறது, ஆனால் வேகம் போதவில்லை.

இந்த வேலைக்கு செல்ஃப் மோட்டார் சில நூறு ஆம்பியர் கரண்டை இழுக்கும். ஹெட்லைட் பல்பு ஒன்று இழுப்பது ஐந்து ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மோட்டாரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன உருளைதான் சாலினாய்டு. சாவியைத் திருப்பினால் ஒரு மெல்லிய ஒயர் வழியாக இதற்குக் கரண்டு வரும். உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு காந்தத்தால் இழுபடும். அந்த ஒரே இழுப்பில் இரண்டு வேலை நடக்கிறது. ஒரு பக்கம், நெம்புகோல் மாதிரி ஒரு ஃபோர்க் பினியன் என்ற சிறு பல்சக்கரத்தைத் தள்ளி, ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் ரிங் கியரோடு கோர்க்கிறது. மறுபக்கம், ஒரு செம்புத் தட்டு இரண்டு தடித்த போல்ட்டுகளின் தலையில் போய் உட்கார்ந்து பேட்டரியை மோட்டாரோடு நேராக இணைக்கிறது. நாம் கேட்கிற ‘டொக்’ இந்தத் தண்டு ஓடிப்போய் முட்டுகிற சத்தம்.

இன்ஜின் பிடித்த பிறகும் நாம் ஒரு நொடி சாவியை விடாமல் இருப்போம் அல்லவா? அந்த ஒரு நொடியில் ரிங் கியர் பினியனைச் சுற்ற ஆரம்பித்துவிடும். பல் கணக்குப்படி பினியன் இன்ஜினைவிடப் பத்துப் பன்னிரண்டு மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். அந்த வேகம் மோட்டாருக்குப் போனால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரின் சுருள்கள் பிய்ந்து சிதறிவிடும். அதைத் தடுக்க ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற கிளட்ச் ஒன்று பினியனோடு சேர்ந்தே இருக்கிறது. பட்டறையில் இதை பென்டிக்ஸ் என்பார்கள்.

காதைக் கொடுங்கள்

டாக்டர் நாடி பிடிப்பதுபோல, செல்ஃப் கோளாறில் முதல் சோதனை சத்தம்தான். பானெட்டைத் திறக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை என்றால், மெல்லிய ஒயர் பக்கம் சந்தேகம். இக்னிஷன் சுவிட்ச், ரிலே இருந்தால் ரிலே, சாலினாய்டில் செருகியிருக்கும் லக் என்ற ஒயர்நுனி உலோகத் துண்டு. பழைய ஜீப்பில் அந்த லக் ஆட்டத்தில் கழன்று தொங்குவது ரொம்ப சாதாரணம். ஒரு 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் வைத்து டெஸ்ட் லாம்ப் செய்துகொள்ளுங்கள். ஒரு முனை இன்ஜின் இரும்பில், மறுமுனை சாலினாய்டின் சின்ன டெர்மினலில். யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பல்பு எரியாவிட்டால் கோளாறு சாவி பக்கம். நன்றாக எரிந்தும் சத்தம் இல்லை என்றால் சாலினாய்டு பக்கம்.

‘கடகடகட’ என்று தையல் மெஷின் மாதிரி அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது. தண்டு ஓடி முட்டுகிறது, மோட்டார் கரண்டை இழுக்கிறது, வோல்டேஜ் சரிகிறது, காந்தம் பிடி விடுகிறது, தண்டு பின்னால் வருகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி ஓடுகிறது. நொடிக்குப் பல தடவை இதே கூத்து. 

‘உய்ங்’ என்று மோட்டார் மட்டும் ஜோராகச் சுற்றி, இன்ஜின் அசையவே இல்லை என்றால் பென்டிக்ஸ் வழுக்குகிறது. ‘கறகற’ என்று பல் அரைபட்டால் பினியனோ ரிங் கியரோ தேய்ந்திருக்கிறது. ரிங் கியரைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. நாலு சிலிண்டர் இன்ஜினை அணைத்தால் அது கண்ட இடத்தில் நிற்காது. ஏதாவது ஒரு சிலிண்டரின் அழுத்தம் தடுக்கிற இடத்தில், அநேகமாக எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றில்தான் வந்து நிற்கும். ஆகவே பினியனும் வருஷக்கணக்காக அந்த இரண்டு இடத்துப் பற்களையே கடித்துத் தின்கிறது. டாப் கியரில் போட்டு வண்டியை ஒரு அடி உருட்டிவிட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து செல்ஃப் அடித்தால் சுத்தமாக எடுக்கிறது என்றால், தேய்ந்தது ரிங் கியர்தான். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் வேலை வரும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்வது செலவுக்கு நல்லது.

சாவியை விட்ட பிறகும் செல்ஃப் ஓடிக்கொண்டே இருந்தால் யோசிக்கவே கூடாது. சாலினாய்டின் செம்புத் தட்டு போல்ட்டோடு உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. உடனே பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். பேட்டரி டெர்மினலுக்கு எப்போதும் ஒரு ஸ்பேனர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது இதற்காகவும்தான்.

கடைசியாக, எனக்கு வந்த அந்த ஒற்றை ‘டொக்’. இதுதான் ஆளை ஏமாற்றுகிற சத்தம். தண்டு ஓடி முட்டிவிட்டது, மோட்டாருக்கு வழி திறந்தாகிவிட்டது, ஆனாலும் சுற்றவில்லை. சாலினாய்டின் செம்பு கருகியிருக்கலாம். கார்பன் தேய்ந்திருக்கலாம். கேபிளில் தடை இருக்கலாம். அபூர்வமாக இன்ஜினே இறுகியிருக்கலாம். வெள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டி என்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம், அப்போது செல்ஃபோ தள்ளலோ எதையும் முயலாமல் முதலில் இன்ஜின் கையால் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையில் எது என்பதைச் சத்தம் சொல்லாது. மீட்டர் சொல்லும்.

பேட்டரியில் தொடங்குவோம்

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி சில மணி நேரம் ஓடாமல் இருந்த பிறகு, பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களிலும் நேராக முனைகளை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் வேறு எதையும் சோதிக்க வேண்டாம், முதலில் சார்ஜ் போடுங்கள். பிறகு செல்ஃப் அடிக்கும்போதே பாருங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி கிழம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜிங் ஒழுங்காக நடக்கிறது. நம் ஊரில் எல்லாரும் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டர் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாமல் இருக்க இதுதான் வழி. மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரிக்கு மேல் பீடி, தீப்பெட்டி கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும்.

என் பேட்டரி 12.5 காட்டியது. புதுசுதானே.

தடை எங்கே ஒளிந்திருக்கிறது

மூன்றாவது தடவை ஆள் மாற்றிப் பார்ப்போம் என்று ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் போனேன். வண்டியைப் பார்த்தார், ஸ்பேனர் பையைத் திறக்கவே இல்லை. ஒரு பழைய மஞ்சள் மீட்டரை எடுத்தார்.

“தம்பி, நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுங்க. ஸ்டாப்பையும் வெளியே இழுத்து வைங்க, இன்ஜின் எடுத்துறக் கூடாது. நான் சொல்றப்ப சாவியைத் திருப்புங்க, விடுன்னா விட்டுருங்க.”

இரண்டு மூன்று நொடிகள்தான். மறுபடி ‘டொக்’. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி குமிழ்களுக்கு நடுவே 11.4 வோல்ட். 

“பேட்டரி நல்லாத்தானே நிக்குதுண்ணே” என்றேன்.

“அதான் தப்பு. மோட்டாருக்குப் போக வேண்டியது போயிருந்தா இது இன்னும் நல்லா இறங்கியிருக்கணும். நடுவுல யாரோ மறிக்கிறாங்க.”

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தோட்டத்து ஹோஸ் பைப் நடுவில் எங்கோ மடங்கிக் கிடக்கிறது என்று வையுங்கள். முனையில் விரலை வைத்து அடைத்தால் விரலைத் தள்ளுகிற அழுத்தம் முழுசாக இருக்கும். சொட்டுச் சொட்டாக விட்டாலும் குறை தெரியாது. முழுசாகத் திறந்துவிட்டால்தான் தண்ணீர் பிசுபிசுக்கும். மின்சாரமும் அப்படியே. ஹெட்லைட் சொட்டு, செல்ஃப் வெள்ளம். ஹெட்லைட் பளிச்சென்று எரிவதை வைத்து செல்ஃப் வழி சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது.

வெள்ளம் ஓடும்போது அழுத்தம் எந்த இடத்தில் தொலைகிறது என்று பார்ப்பதுதான் வோல்டேஜ் டிராப் சோதனை. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே கேபிளின் இரண்டு நுனிகளில் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது படிக்க வேண்டும். நல்ல கேபிள் என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம். தடை இருந்தால் அங்கே தொலைந்துபோன வோல்ட் அப்படியே மீட்டரில் நிற்கும்.

அவர் எடுத்த கணக்கு இது. பேட்டரியின் பாசிட்டிவ் குமிழிலிருந்து மோட்டாருக்குள் போகும் போல்ட் வரை, சாலினாய்டையும் சேர்த்து, 0.3 வோல்ட். மோட்டார் போல்ட்டுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே 6.0. மோட்டார் உடம்பிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் குமிழ் வரை 5.1. மூன்றையும் கூட்டுங்கள், 11.4 வரும். பேட்டரி கொடுத்தது அத்தனையும் கணக்கில் வந்துவிட்டது. மோட்டாருக்குக் கிடைத்தது ஏறக்குறைய பாதி. மிச்சம் திரும்பி வரும் வழியில், அதாவது இன்ஜின் இரும்பும் சேஸிஸ் என்ற அடிச்சட்டமும் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்கு வரும் எர்த் பக்கம் தொலைகிறது.

பொதுவாக, பாசிட்டிவ் பக்கம் முழுவதிலும் அரை வோல்ட்டுக்கு மேலும், எர்த் பக்கம் 0.3 வோல்ட்டுக்கு மேலும் தொலையக் கூடாது. என் வண்டியில் ஐந்து வோல்ட்!

அப்புறம் அந்த 5.1-ஐத் துண்டு துண்டாக வெட்டினார். நெகட்டிவ் குமிழிலிருந்து அதைக் கவ்வும் கிளாம்ப்புக்கு 0.1. கிளாம்ப்பிலிருந்து சேஸிஸுக்கு 0.2. சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கு 4.8. அவ்வளவுதான், ஆள் அகப்பட்டுவிட்டான்.

பழைய வண்டிகளில் இன்ஜின் ரப்பர் மவுண்ட்டுகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டை விடாது. ஆகவே இன்ஜினிலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ சேஸிஸுக்குத் தட்டையாகப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று போகும். சில மாதங்களுக்கு முன் கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கியிருந்தார்கள். போட்டவர்கள் அடிப்பாகத்துக்குக் கருப்பு பெயின்ட் அடித்து, அது காய்ந்த பிறகு பட்டையைப் பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். பட்டையின் இழைகளும் பாதிக்கு மேல் அற்றுப் பச்சை பூத்திருந்தன.

இங்கேதான் அந்தச் சூடான ஸ்டாப் கேபிள். பட்டை மறுத்ததும் கரண்டு வேறு வழி தேடியிருக்கிறது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற இரும்பு எதுவானாலும் அதற்குச் சரிதான். ஸ்டாப் கேபிளின் இரும்பு உறை ஒரு வழி. ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள்கூட இப்படி மாட்டிக்கொள்ளும். சுமார் 300 ஆம்பியர் என்று வைத்தால், ஐந்து வோல்ட் தொலைகிற இடத்தில் 1500 வாட் சூடு. ஒரு இண்டக்ஷன் அடுப்பு. செல்ஃப் அடிக்கும்போது எந்தக் கேபிளாவது, எந்த போல்ட் இணைப்பாவது சுட்டால் கோளாறு தன் முகவரியைத் தானே சொல்கிறது என்று அர்த்தம். நான்தான் கேட்கவில்லை.

இன்னொன்று. அதே கணக்கில் அந்தத் தடை வெறும் 0.017 ஓம். நம் கையில் இருக்கும் சாதா மீட்டரை ஓம் பக்கம் திருப்பி வைத்து இதைப் பிடிக்கவே முடியாது, மீட்டர் ஒயர்களின் தடையே அதைவிடப் பல மடங்கு. ‘பீப்’ சத்தம் வருகிறது, ஆகவே கேபிள் நல்லது என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். செல்ஃப் அடிக்காமல் செல்ஃப் கேபிளைச் சோதிக்க முடியாது.

வேலை அரை மணி நேரம். இரண்டு பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பை வெள்ளையாக்கினார். புதுப் பட்டை, பல் வைத்த வாஷர், நல்ல முடுக்கு, மேலே கிரீஸ். கூடுதலாக, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராகக் கியர்பாக்ஸ் போல்ட்டுக்கு ஒரு தடித்த கேபிளும் இழுத்தார். மறுபடி மீட்டர் வைத்தபோது எர்த் பக்கம் 0.2. ஸ்டாப்பை உள்ளே தள்ளிச் சாவியைத் திருப்பினேன், ஒரே சுற்றில் எடுத்தது.

மோட்டார்தான் குற்றவாளி என்றால்

பேட்டரி நன்று, இரண்டு பக்கமும் வோல்ட் தொலையவில்லை, மோட்டார் போல்ட்டில் பத்து வோல்ட்டுக்கு மேல் வந்து நிற்கிறது, ஆனாலும் சுற்றவில்லை. அப்போது மோட்டாரைக் கழற்றலாம். சாலினாய்டின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு நடுவே மட்டும் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் தொலைந்தால் உள்ளே செம்பு கருகியிருக்கிறது. பிரித்துப் பார்க்க முடிகிற பழைய சாலினாய்டுகளில் ஒரு பக்கம் கருகிய போல்ட்டை அரைவட்டம் திருப்பி வைத்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுகிறவர்கள் உண்டு. அதில் தப்பில்லை.

மோட்டார் உடம்பில் ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் எடுக்கிறது என்றால் கார்பன் தேய்ந்திருக்கிறது. தேய்ந்து குட்டையான கார்பனை ஸ்பிரிங் கம்யூட்டேட்டர்மேல், அதாவது கார்பன் உரசும் செம்பு உருளைமேல், அழுத்த முடியாமல் போகிறது, தட்டினால் ஒரு கணம் போய் உட்காரும். ஓரிரு நாளைக்கு ஓடும், பிறகு மலைமேல் கைவிடும். நாலு கார்பனையும் ஒன்றாக மாற்றுங்கள்.

மெதுவாக, திணறித் திணறிச் சுற்றினால் புஷ் தேய்ந்திருக்கலாம். ஆர்மேச்சர் சரிந்து உள்சுவரில் உரசும், அது பட்ட இடம் பளபளவென்று தெரியும். புது வெண்கல புஷ்ஷை எண்ணெயில் ஊறப்போட்டு மாட்ட வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டிவிடுகிற கடைகள் நிறைய. கம்யூட்டேட்டரை வழவழப்பான உப்புத்தாளால் துடைத்தால் போதும், நகத்தில் மாட்டுகிற அளவு பள்ளம் என்றால் லேத்துக்கு அனுப்புங்கள். ஆர்மேச்சரோ அதைச் சுற்றி நிலையாக இருக்கும் ஃபீல்டு காயிலோ கருகி நாற்றம் அடித்தால் ரீவைண்டிங், இல்லையென்றால் வேறு மோட்டார்.

கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றியே ஆக வேண்டும். கடைசி போல்ட் கழலும்போது மோட்டாரை ஒரு கையால் தாங்குங்கள். டீசல் செல்ஃப் நல்ல கனம், மல்லாந்து படுத்திருக்கிறவரின் நெஞ்சுக்கு நேர் மேலே இருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்து ஷார்ட் பண்ணி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும் சாவி சுவிட்சைத் தாண்டிப் போக அது உதவும். ஆனால் வண்டி கியரில் கிடந்தால், பக்கத்தில் நிற்கிற உங்கள் மேலேயே ஏறிக்கொண்டு கிளம்பிவிடும். டீசலுக்கு சாவி போட்டிருக்கிறதா இல்லையா என்ற கவலைகூடக் கிடையாது, பழைய பம்ப்பில் ஸ்டாப் உள்ளே இருந்தால் போதும். நியூட்ரலை இரண்டு தடவை ஆட்டிப் பார்க்காமல் அதில் இறங்கவே கூடாது.

ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள். நல்ல வேகத்தில் சுற்றியும் எடுக்கவில்லை என்றால் அது செல்ஃப் விவகாரமே இல்லை. டீசல் வருகிறதா, லைனில் காற்று புகுந்ததா, ஹீட்டர் பிளக் வைத்த இன்ஜின் என்றால் அது சூடாகிறதா என்று அந்தப் பக்கம் போக வேண்டும். அது தனிக் கதை.

எர்த் பட்டை மாற்றி இரண்டு வாரம் ஜீப் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒருநாள் போடிமெட்டு ஏறி, ஆட்களை இறக்கிவிட்டு, வண்டியை அணைக்க ஸ்டாப்பை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையால் இழுத்தும் அசையவில்லை. அத்தனை நாள் எடுக்காமல் படுத்திய வண்டி இப்போது நிற்க மாட்டேன் என்கிறது. கடைசியில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டாப் கியரில் போட்டு, கிளட்சை விட்டுத்தான் அணைத்தேன். கேபிளை உருவிப் பார்த்தால், உறைக்குள் இருந்த பிளாஸ்டிக் உருகிக் கம்பியோடு ஒட்டிப் பிடித்திருந்தது. மார்கழிக் காலையில் கையைச் சுட்ட அதே கேபிள். அதையும் மாற்றினேன்.